பதினோராம் கிழமை

முடிவை முதலில் எழுதி, காரணங்களைப் பின்னால் இணைக்க வேண்டும். கோப்பை வாசிக்கிற மேலதிகாரிக்கு நேரம் குறைவு. முப்பத்தைந்து வருட அரசாங்க உத்தியோகத்தில் நான் கற்ற எழுத்துக்கலை இவ்வளவுதான். ஆகவே முடிவைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதில் நான் என்னைப் பெற்ற ஐயாவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு விண்வெளித் தொடர்கதையை வாசிக்க வைத்தேன். அதனால் அந்தக் கதையை எழுதியவரின் உத்தியோகம் போயிற்று.

அறுபது வருடத்துக்குப் பிறகு இதைக் கிளறக் காரணம் என் மருமகள். அவள் ஏதோ ஒரு விண்வெளித் தொடரைக் கைப்பேசியில் பார்க்கிறாள். என்னையும் பார்க்கச் சொல்லி இரண்டு மாதமாக நச்சரிக்கிறாள். "மாமி, முதல் மூண்டு பகுதியையும் பொறுத்துக்கொண்டு பாருங்கோ. நாலாவதிலை பிடிச்சுப்போடும்." என் வயதுக்காரரான உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவர்கள் நெஞ்சில் கள்ளம் இல்லை. எனக்கும் இருக்கவில்லை.

வெள்ளைக்காரரின் கடற்படை திருகோணமலைத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போய் அப்போது ஐந்தாறு வருடம். அவர்களோடு துறைமுகத்து வேலைகளில் பாதியும் போய்விட்டது. மிச்சப் பாதியில் இருந்தவர்கள் தங்கள் கதிரைகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா அங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் பிரதம லிகிதர், எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். வருகிற கப்பலின் கடதாசிகள் எல்லாம் அவர் மேசைக்கு வந்து, அவர் ஒப்பமிட்ட பிறகுதான் மேலே போகும். உள்துறைமுகத்துக்குக் கிட்ட அரசாங்கக் குவாட்டர்ஸில் இருந்தோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் எண்ணெய் மணமும், ஏற்றுமதிக்காக வந்து அடுக்கியிருக்கும் தேயிலைப் பெட்டிகளின் மணமும் சேர்ந்து குசினிக்குள் வரும். சோற்றில்கூட அந்த மணம் இருக்கும். வேறு ஊருக்குப் போய்ச் சாப்பிட்டபோதுதான் சோற்றுக்கென்று ஒரு மணம் இருப்பது எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு பத்திரிகை கொழும்பிலிருந்து இரவு றெயிலில் வரும். ஐயா அதை வாங்கியது மரண அறிவித்தல்களுக்காகவும் இடமாற்றச் செய்திகளுக்காகவும். அவர் வாசித்து முடித்து நான்காய் மடித்து வைத்த பிறகு எங்களுக்குக் கிடைக்கும். அந்த வருடக் கச்சான் தொடங்கியபோது, ஒரு தைல விளம்பரத்துக்கு மேலே, 'வெளித்தரிப்பு' என்று ஒரு தொடர்கதை தொடங்கியது. எழுதியவர் ஏதோ ஒரு புனைபெயர்.

கதை இதுதான். பூமியிலிருந்து நாற்பது பேரோடு புறப்பட்ட ஒரு விண்கப்பல் சனிக்கிரகத்தின் சந்திரன் ஒன்றுக்கு வந்து சேர்கிறது. அங்கே நீலத்தோல் மனிதர்கள் பெரிய துறைமுகம் நடத்துகிறார்கள். கப்பலில் தொற்றுநோய் இல்லை என்ற கடதாசி ஒப்பமாகி வரும்வரை கப்பல் உள்ளே இறங்கக் கூடாது. அதனால் வெளியே நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது. கிழமைக்குக் கிழமை, ஞாயிறுக்கு ஞாயிறு, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு முன் நான் வாசித்த விண்வெளிக் கதைகளில் ஆட்கள் வாளோடு இறங்கி ராசகுமாரியை மீட்டார்கள். இதில் காத்திருந்தார்கள். சனியின் வளையத்து நிழல் கப்பலின் குசினிச் சுவரில் விழுகிற நேரம் பார்த்துச் சமையற்காரன் உலை வைப்பான். அந்த ஒரு வரிக்காக நான் அந்தத் தொடரை வெட்டி, சோற்றுப்பசையால் ஒரு கொப்பியில் ஒட்டத் தொடங்கினேன்.

ஆறாம் கிழமை கதைக்குக் கீழே ஒரு குறிப்பு வந்தது. வாசகர் கடிதங்களைப் பொறுத்தே இத்தொடரை நீடிப்பதா என்று தீர்மானிக்கப்படும் என்றிருந்தது. இப்படியான வாக்கியங்களை நானே பிற்காலத்தில் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். நிறுத்துவது என்று தீர்மானித்தாயிற்று, கோப்பில் போட ஒரு காரணம் வேண்டும் என்பது அதன் பொருள். பதினொரு வயதில் அதை அப்படியே நம்பினேன். பத்துக் கடிதம் போனால் கப்பல் பிழைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒன்று நான். இன்னும் ஒன்பது வேண்டும்.

முதலில் பிடித்தது என் வகுப்புச் சிநேகிதியை. அவளுடைய வாப்பா கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் கொண்டுபோகும் வள்ளம் வைத்திருந்தார். முதல் ஆறு கிழமைக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் முகம் மாறாமல் கேட்டாள்.

"எங்கட வாப்பா ஒவ்வொரு நாளும் வள்ளத்துல போய், மேல இருக்கிறவன் வா எண்டு சொல்லுமட்டும் வெயிலுக்க காய்ஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. அதைப் போய் ஓராள் கதையா எழுதியிருக்காரா?"

"இது சனியிலை நடக்குதடி."

"சனியில நிண்டா வெயில் சுடாதா?"

தையல் பாடத்துக்கு அவள் கொடுக்க வேண்டிய கைலேஞ்சிக்கு நான் ஓரம் அடித்துக் கொடுத்தால் வாசிப்பதாகச் சொன்னாள். அடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து மூன்றாம் கிழமை பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்னமே வந்து நின்று, "கடதாசி வந்துச்சா?" என்று கேட்டாள். தன் வாப்பாவுக்கும் கதையைச் சொல்லியிருந்தாள். "வாப்பா சொல்றாரு, அந்த நீலக்காரனுக்குக் கையில ஏதாச்சும் வெச்சா ஒரு கிழமையில கதை முடிஞ்சிருமாம்." அவளும் வாப்பாவுமாக இரண்டு கடிதம் சேர்ந்தது.

அண்ணன் துப்பறியும் கதைக்காரன். கொப்பியை இரண்டு விரலால் புரட்டினான். "கொலையும் இல்லை, பொம்பிளையும் இல்லை. நாப்பது பேர் வரிசையிலை நிக்கினம். உதைப் பாக்க வேணுமெண்டால் நான் கூப்பன் கடைக்குப் போவன்." ஆனால் ஆளுக்கு ஆள் கையெழுத்தை மாற்றி எழுதுவதில் அவனுக்குப் பெரிய ஆசை. கதையை வாசிக்காமலே, பக்கத்துப் பாலையூற்று விலாசத்தோடு மூன்று பொய்ப்பெயரில் மூன்று கடிதம் எழுதித் தந்தான். மூன்றிலும் கதாநாயகி வேண்டும் என்று கேட்டிருந்தான்.

விஞ்ஞான மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிள்ளை, அந்தச் சந்திரனிலை மனிசன் நிக்கக்கூடிய குளிரே? உது முழுப்பிழை."

"அப்ப பிழை எண்டு எழுதுங்கோ, சேர்."

இரண்டு பக்கத்தில் பிழைகளை இலக்கமிட்டு எழுதினார். கண்டித்து எழுதினாலும் கடிதம் கடிதம்தான். அவருடைய சகோதரி சங்கீத ரீச்சரிடமும் ஒன்று வாங்கினேன். என்னுடையதோடு எட்டாயிற்று.

அம்மாவிடம் கடிதம் எதிர்பார்க்கவில்லை; அம்மா யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. கேட்டால் போதும் என்றிருந்தேன். "அவையள் என்னத்தைச் சாப்பிடுகினம்?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது. குசினியில் தேங்காய் துருவும்போது பக்கத்தில் இருந்து வாசித்தேன். கப்பற் தலைவனை அவளுக்குப் பிடிக்கவில்லை. "உத்தரவு மட்டும் போடுது அந்தாள்." சமையற்காரனைப் பிடித்தது. உள்ள மாவை நாற்பது பேருக்கும் எப்படிப் பங்கிடுவது என்று அவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டே துருவுவாள். "தண்ணியைக் கூட விட்டுக் கூழாய்க் காய்ச்சச் சொல்லு." கதையில் இருப்பவனுக்கு நான் எப்படிச் சொல்வது?

பிறகு பதினோராம் கிழமை வந்தது. சமையற்காரனுக்குக் காய்ச்சல். நோய் தொற்றுகிற நோயல்ல. கீழே இறங்கினால் வைத்தியம் இருக்கிறது. இறங்கக் கடதாசி வேண்டும். அந்தக் கடதாசி நீலக் கந்தோர்க்காரன் ஒருவனின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. பெருநாள் விடுமுறைக்குப் போகும் அவசரத்தில் அதை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, சாவியையும் கொண்டு போய்விட்டான். மூன்று நாள். துறைமுகத்து விளக்குகளைக் கப்பல் ஜன்னலால் எண்ணிக்கொண்டே சமையற்காரன் இறந்து போகிறான். நான் வாசித்து முடித்தபோது தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது.

"அந்தக் கந்தோர்க்காரன்ரை கை விளங்காமல் போக," என்றாள் அம்மா. அவள் அப்படி யாரையும் சபித்து நான் கேட்டதில்லை. அன்று மிளகாய் கூடிப்போன கறியை ஐயா தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்.

எனக்கோ அந்த நீலக் கந்தோர்க்காரனைத்தான் எல்லாரையும்விடப் பிடித்திருந்தது. ஒப்பம் பெட்டிக்கு வெளியே போய்விட்டது என்று படிவத்தைத் திருப்பி அனுப்புவான். எழுதும்போது கைவேர்வை கடதாசியில் படக்கூடாது என்று மணிக்கட்டின் கீழ் மையொற்றுத்தாள் ஒன்றை வைத்துக்கொள்வான். எங்கள் ஐயா ஒவ்வொரு பின்னேரமும் வீட்டு மேசையில் செய்வது போலவே. வாசித்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிப்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

சனிக்கிழமைகளில் அரைநாள் கந்தோர் முடிந்ததும் கப்பல் பகுதி லிகிதர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வருவார். ஐயா ஒப்பமிட வேண்டியவற்றைக் கொண்டு வந்து விறாந்தையில் காத்திருப்பார். மெலிந்த மனிதர். மனைவி மூதூருக்கு அப்பால் வெருகல் பக்கத்துப் பெண். கைக்குழந்தை ஒன்று இருந்தது. என்னைப் போன்ற பிள்ளைகளையும் 'நீங்கள்' என்றுதான் கதைப்பார். 'வெளித்தரிப்பு' எழுதுகிறவர் அவர்தான். உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

பதினோராம் கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அம்மா கொடுத்த தேநீரை அவரிடம் கொண்டு போனேன்.

"மாமா, நீங்கள் வெளித்தரிப்பு வாசிக்கிறனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. நேரம் எங்கை?"

"வாசியுங்கோ. முதல் மூண்டு கிழமையும் அலுப்புத்தான். பிறகு நல்லாயிருக்கும்."

"அலுப்போ?"

"ஓம். அந்தாள் இயந்திரத்தைப் பற்றிக் கனக்க எழுதுது. ஒருத்தருக்கும் விளங்காது."

அவர் தேநீரைக் குடிக்காமல் தலையாட்டினார். நான் பக்கத்தில் இருந்து முழுக் கதையையும் சொன்னேன். சில இடங்களில், "அப்பிடியோ?" என்றார். முடிந்ததும், "ஆரை உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"நீலக் கந்தோர்க்காரரை. சரியான பகிடி. கைக்குக் கீழை ஒற்றுத்தாள் வைக்கிறார், எங்கடை ஐயா மாதிரி."

கோப்பையைக் கீழே வைத்தார். அவர் உள்ளே, ஐயா இருந்த அறைப் பக்கம் பார்த்தார்.

"இதை ஐயாவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை. அவர் கதை வாசிக்கிறேல்லை."

"அது நல்லது. அவருக்கு ஆயிரம் வேலை. கரைச்சல் குடுக்காதேங்கோ, பிள்ளை."

"அப்ப நீங்கள் ஒரு கடிதம் எழுதித் தருவியளோ?"

"நான் எழுதினால் சரிவராது," என்றார்.

கதை பிடிக்காத இன்னொரு பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றதே எனக்கு யோசனையைக் கொடுத்தது. பிரதம லிகிதர் ஒருவரின் கடிதம், பதவி முத்திரையோடு போனால், பத்திரிகைக்காரர் எழும்பி நிற்கமாட்டார்களா?

ஐயாவை வளைக்க ஒரு மாதம் பிடித்தது. "கதை வாசிக்கிறது கண்ணுக்குக் கூடாது," என்றார். "பரீட்சை முடியட்டும்," என்றார். அந்த வயதில் அவர் உத்தியோகத்தர்களுக்குக் கட்டாயமாகிவிட்ட சிங்களப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். சித்தியடையாவிட்டால் பதவி உயர்வு இல்லை. அரிச்சுவடியோடு அவர் மேசையில் இருக்கும்போது எங்களில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம் நான் போனேன். என்னிடம் மிச்சமிருந்த ஒரே இரையைப் போட்டேன்.

"ஐயா, இந்தக் கதையிலை உங்களை மாதிரியே ஒரு கந்தோர்க்காரர் வாறார்."

"என்னை மாதிரியோ?" அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது. அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "கொண்டா பாப்பம்."

கொப்பியில் அப்போது பதினாறு கிழமை ஒட்டியிருந்தேன். ஐயா முதலாம் பக்கத்திலிருந்து தொடங்கினார். கையில் சிவப்புப் பென்சில். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இலக்கமிட்டுக்கொண்டே போனார். என் கொப்பியை அவ்வளவு மரியாதையாக யாரும் வாசித்ததில்லை. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாம் கிழமையில் சிரித்தார். "ஒப்பம் வெளியிலை போனால் திருப்பி அனுப்பத்தானே வேணும். எழுதிற ஆளுக்கு விசயம் தெரியுது." மையொற்றுத்தாள் வந்த இடத்தில் தன் மணிக்கட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடியும் சிரித்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

பதினோராம் கிழமையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு மணிக்கட்டின் கீழிருந்த ஒற்றுத்தாளை உருவி, மடித்து, வெள்ளைச் சட்டைப் பையில் வைத்தார். மை சட்டையில் ஊறும் என்று அவருக்குத் தெரியாதா?

"இதை எழுதிறது ஆர்?"

"தெரியாது ஐயா. புனைபெயர்."

மிச்ச ஐந்து கிழமையையும் பென்சிலை வைத்துவிட்டு வாசித்தார். "கொப்பியை நாளைக்குக் கந்தோருக்குக் கொண்டுபோறன்," என்றார்.

கந்தோரில் எல்லாருக்கும் காட்டப் போகிறார். நான் துள்ளினேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் மாஸ்ரர் வரை சொல்லி முடித்தேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வருடம் கழித்து, ஐயா செத்து அந்தியேட்டிச் சடங்கு முடிந்த பிறகுதான், அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். கதை வருவதற்கு முந்திய தீபாவளிக்கு ஒரு கப்பல் வெளித்துறையில் வந்து நின்றது. அதில் ஒரு மாலுமிக்குக் கடும் நோய். கடதாசி வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐயாவின் மேசைக்கு வந்தது. ஐயா அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தீபாவளிக்கு வீடு வந்துவிட்டார். எங்களுக்குப் புது உடுப்பு, மத்தாப்பு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். மாலுமி மூன்றாம் நாள் கப்பலிலேயே இறந்துபோனான். விடுமுறை முடிந்து ஐயா லாச்சியைத் திறந்தபோது பக்கத்தில் நின்றவர் அந்தக் கப்பல் பகுதி லிகிதர் மட்டும்தான். அவர் கடதாசியை எடுத்து, மற்றக் கடதாசிகளோடு சேர்த்து, மேலே கொண்டுபோனார். யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு கதையாக எழுதினார். சனிக்கிரகத்தில் கொண்டுபோய் வைத்து, ஆளுக்கு நீலத்தோலும் மூன்று விரலும் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பியிருக்க வேண்டும். ஒற்றுத்தாளை மட்டும் அவரால் விட முடியவில்லை. எழுதுகிறவர்கள் அங்கேதான் பிடிபடுகிறார்கள்.

"நான் அண்டைக்கு ஏசினது உன்ரை ஐயாவை எண்டு எனக்குத் தெரியாதே, மோனை," என்றாள் அம்மா.

ஐயா செய்தது எல்லாம் நடைமுறைப்படிதான். அரசாங்க ஊழியர் ஒருவர் அனுமதியின்றிப் பத்திரிகையில் எழுதுகிறார் என்று மேலே அறிக்கை போனது. இணைப்பு: கொப்பி ஒன்று. எழுதியவரிடம் விளக்கம் கோரும் கடிதத்தை வரைந்தவரும் ஐயாதான். பதினேழாம் கிழமை வந்த ஞாயிறு, வழமைக்கு மாறாக, ஐயா மரண அறிவித்தலுக்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்தார். அடுத்த ஞாயிறும் திறந்தார். தைல விளம்பரத்துக்கு மேலே, தவிர்க்க முடியாத காரணங்களால் தொடர் நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி இருந்தது. அவர் அந்த ஒரு வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் செய்தி சொன்னது என் சிநேகிதி. லிகிதர், மனைவி, குழந்தை, ஒரு தகரப் பெட்டி சகிதம் மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறியதை அவளுடைய வாப்பா கண்டிருக்கிறார்.

"உன்ட கதைக்காரர் போயிட்டாராம்."

"எந்தக் கதைக்காரர்?"

"வெளித்தரிப்பு எழுதினவர். உனக்குத் தெரியாதா? ஜெற்றியில எல்லாரும் கதைக்கிறாங்க. உன்ட ஐயாதான் புடிச்சுக் குடுத்தாராம்." பிறகு, "நீதானே வாசி வாசியெண்டு எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத் திரிஞ்ச," என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வகுப்பில் என் பக்கத்து வாங்கில் உட்காரவுமில்லை.

அன்று பின்னேரம் ஐயாவிடம் என் கொப்பியைத் திருப்பிக் கேட்டேன். "அது இப்ப அரசாங்க ஆவணம்," என்றார். கேட்கவேண்டிய கேள்வி வேறு. அதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. இருந்திருந்தாலும் என்ன பதில் வந்திருக்கும்?

நானும் உத்தியோகத்துக்குப் போனேன். முதல் வருடமே விதிக்கோவையை எடுத்து அந்த விதியைத் தேடிப் பார்த்தேன். திணைக்கள அலுவல்களைப் பற்றி எழுதுவதற்குத்தான் அனுமதி வேண்டும். சனியின் சந்திரன் எந்தத் திணைக்களத்தின் கீழும் வரவில்லை. 'இது கதை' என்று இரண்டு வரி பதில் எழுதியிருந்தால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். அவர் பதிலே எழுதவில்லை. விளக்கம் கோரிய கடிதத்துக்குப் பதில் தராதது ஒரு குற்றம். கடமைக்கு வராதது இன்னொன்று. பதவியைக் கைவிட்டவராகக் கருதிப் பெயரை வெட்டினார்கள். ஏன் எழுதவில்லை என்பது எனக்கு விளங்காமலே இருந்தது.

ஐயா போய்ச் சில வருடத்தின் பின் வெருகல் ஆறு பெருகி அந்தப் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. சேதமான வீடுகளைப் பார்வையிட்டு வகைப்படுத்த என்னை அனுப்பினார்கள். கிராம சேவகர் தந்த பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. தலை நரைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் கிடந்த பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டின் மூன்று சுவர் விழுந்துவிட்டது. ஒன்று பாதியில் நின்றது.

"நான் பிரதம லிகிதற்றை மகள்," என்றேன்.

"தெரியும். கிராம சேவகர் உங்கடை பேர் சொல்லேக்கையே நினைச்சனான்." நிமிர்ந்து கையைத் துடைத்தார். "ஐயா சுகமோ?"

"செத்துப்போனார்."

"ஆ," என்றார். "ஐயாவின்ரை எழுத்து நல்ல எழுத்து, பிள்ளை. விளக்கம் கேட்டு அனுப்பின கடிதத்தைக் கனகாலம் வைச்சிருந்தனான். இப்ப வெள்ளத்தோடை போட்டுது. கிழமைக்கு ஒரு கேள்வி. முதலாம் கிழமையிலை இந்த இயந்திரம் எந்த அலுவலகக் குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது, ரெண்டாம் கிழமையிலை இந்தப் படிவம் எது எண்டு. என்ரை கதையை அப்பிடி வரி வரியா ஒருத்தரும் வாசிக்கேல்லை."

"ஏன் பதில் எழுதேல்லை?"

"பதினேழு கிழமைக்குப் பதினாறு கேள்விதான் இருந்தது. பதினோராம் கிழமையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை." வளைந்துபோன ஒரு சட்டியை எடுத்து நிமிர்த்தப் பார்த்தார். "விசாரணை எண்டு போனால் மேலை இருக்கிறவை அதைக் கேட்டிருப்பினம். நான் அதுக்கு என்ன சொல்லுறது? எழுதினதிலை நல்லா வந்த கிழமையும் அதுதான்."

பதினொரு வயதிலிருந்து கேட்க இருந்ததைக் கேட்டேன். "கப்பல் உள்ளுக்கு வந்ததோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை. கிழமைக்குக் கிழமை எழுதினது. தபாலிலை போடுமட்டும் எனக்கே தெரியாது."

கிராம சேவகர் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். "மிஸ், முழுச் சேதம் எண்டு போடுங்கோ. புதுவீடு கிடைக்கும். பகுதிச் சேதம் எண்டால் கூரைக்குத் தகரம் மட்டும்தான். ஒருத்தரும் வந்து பாக்கமாட்டினம்."

சுற்றறிக்கை என் கையில் இருந்தது. நிற்கிற சுவர் மூன்று அடிக்கு மேல் என்றால் பகுதிச் சேதம்.

"அளந்து பாப்பம்," என்றேன்.

நாடாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன். மற்ற நுனியைப் பிடிக்கக் கிராம சேவகர் வரவில்லை; அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. லிகிதர் தானே வந்து நுனியை வாங்கிச் சேற்றில் குந்தினார். பழைய கந்தோர்ப் பழக்கம் போகவில்லை.

"தரையிலையோ, அத்திவாரத்துக்கு மேலையோ வைக்கிறது?" என்று கேட்டார்.

சுற்றறிக்கையில் அது சொல்லப்படவில்லை. சொல்லப்படாத இடத்தில் பார்வையிடும் அதிகாரி தீர்மானிக்கலாம். பார்வையிடும் அதிகாரி நான்.

"தரையிலை," என்றேன்.

அவர் நாடாவைத் தரையில் வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். "பிடிச்சிருக்கிறன். பாருங்கோ."

மூன்று அடி நாலு அங்குலம். பகுதிச் சேதம் என்று எழுதினேன். அத்திவாரம் ஆறு அங்குல உயரம். அவர் எழும்புமுன்பே அதை நான் கழித்துப் பார்த்துவிட்டேன்.